குடும்ப வரலாறு எழுதப் பழக: தருமபுரி ஞாயிறு பட்டறையா, ஜூம் வகுப்பா?

எங்கள் ஆயாவுக்கு எண்பத்தைந்து நெருங்குகிறது. "அது நல்லா பேசிக்கிட்டு இருக்கும்போதே எல்லாத்தையும் கேட்டு எழுதி வைக்கணும்" என்று பத்து வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தோம். யாரும் நோட்டை எடுக்கவில்லை. போன வருஷம் நான் இறங்கினேன். முதலில் சேர்ந்தது சென்னையிலிருந்து நடத்திய ஜூம் வகுப்பு: எட்டு மாலைகள், 2,000 ரூபாய். அடுத்து தருமபுரியில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஆறு ஞாயிறு நடந்த பட்டறை: 900 ரூபாய், மதியச் சாப்பாடு அவரவர் செலவு. காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். எதில் சேரலாம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என் ஓட்டு தருமபுரிக்குத்தான்.

அடிப்படைப் பாடம் இரண்டிலும் ஒன்றுதான். "எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்காதே, "அப்போ வீட்ல யார் யார் இருந்தீங்க?" என்று கேள்; பேசும்போது குறுக்கே புகாதே; பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வை. இதற்காக ஒன்றைவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஜூம் வகுப்பில் ஆவணங்களைப் பற்றிய பாடம் அருமை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது, அதற்கு முந்தைய பதிவுகள் ஊருக்கு ஊர் மாறும் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம், அதில் கிடைக்காத பழையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் என்ன கேட்கலாம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். ஆனால் வம்சாவளி வரைய அவர்கள் கொடுத்த மென்பொருள் ஒவ்வொரு பெயருக்கும் 'குடும்பப் பெயர்' கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தாத்தா பெயர் பேரனுக்கு, முன்னால் அப்பாவின் இனிஷியல். எங்கள் வீட்டில் ஒரே பெயரில் மூன்று பேர். அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டபோது, "ஏதாவது ஒன்று போடுங்கள்" என்றார்கள். அது சரியான பதிலாக எனக்குப் படவில்லை.

தருமபுரியை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் இதுவும் அல்ல. அங்கே ஒரு கண்டிப்பு இருந்தது: ஒவ்வொரு ஞாயிறும் போன வாரப் பதிவிலிருந்து இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். பேசினபடியே எழுத வேண்டும். 'வருசம்' என்றால் 'வருசம்'தான், திருத்தக் கூடாது. பத்து நிமிடப் பேச்சை எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. போனில் பேச்சைத் தானே எழுத்தாக்கும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். ஆயா பேசியதில் பாதி விட்டுப்போயிருந்தது. கையால் எழுதினால்தான் உண்டு.

இரண்டாவது ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். ஆயாவின் கல்யாணத்தைப் பற்றி வாசித்தேன். பக்கத்தின் மேலே 'ஆண்டு: தெரியவில்லை' என்று போட்டிருந்தேன். கீழே ஆயா பொண்ணழைப்பைச் சொல்கிறது: "மாட்டு வண்டி ஆத்துல இறங்கிதான் வந்துச்சு கண்ணு. அப்பத்தான் அணை வேலைக்கு ஆள் எடுத்துக்கிட்டு இருந்தாங்க." கேட்டபோது அந்த வரி என் காதில் ஏறவே இல்லை, அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதும்போதும் ஏதோ வர்ணனை என்று கடந்துவிட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற விஏஓ ஒருவர் அந்த வரியில் விரலை வைத்தார். "தம்பி, வருசம் தெரியலைன்னு மேலே எழுதியிருக்கீங்க. இங்கேயே இருக்கு பாருங்க." கிருஷ்ணகிரி அணை கட்டியது 1950களின் பிற்பாதியில். கல்யாணம் அந்த மூன்று நான்கு வருஷத்துக்குள் அடங்கிவிட்டது.

அவரே இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரியைப் பிரிச்சப்போ உங்கப்பா கைக்குழந்தையா, ஓடுற பிள்ளையான்னு கேட்டுட்டு வாங்க." அது 1965 அக்டோபர் 2. ஆயா யோசிக்கவே இல்லை: "இடுப்புலதான் இருந்தான். இன்னும் பால் மறக்கல." அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1962. பள்ளியில் சேர்க்கும்போது வயசு போதவேண்டும் என்று வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி அது. அறுபது வருஷமாக அப்பாவுக்கு இரண்டு வயது கூட்டியே சொல்லி வந்திருக்கிறோம்.

பதிவைத் திரும்பக் கேட்பது, எழுதுவது, இந்த மண்ணைத் தெரிந்தவர்கள் முன்னால் வாசிப்பது, மறுபடியும் ஆயாவிடம் போவது. நான்கில் ஒன்று அறுந்தாலும் பதிவு போனிலேயே தூங்கிவிடும். ஜூம் வகுப்பிலும் வீட்டுப்பாடம் உண்டு, செய்யாவிட்டால் கேட்பாரில்லை. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றும்விட்டேன், அதனால் கடைசி மூன்று வகுப்புகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. நடத்தியவர் மேல் குறையில்லை, நன்றாகப் படித்தவர். ஆனால் 'ஆத்துல இறங்கி' என்றால் தென்பெண்ணை என்பதும், பழைய பத்திரத்தில் 'சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா' என்று இருந்தால் அது நம் ஊர்தான் என்பதும் அந்தத் திரையில் இருந்த யாருக்கும் தோன்ற வழியில்லை. பசலி ஆண்டோடு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்ற கணக்கையும் அதே விஏஓதான் என் வரி ரசீதை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

நான்காவது ஞாயிறு வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டுவரச் சொன்னார்கள். பெரிய அத்தை கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துப் போனேன். முதல் பக்கத்து மூலையில் மஞ்சள் கறை, ஊதா மையில் பெயரும் ஊரும் தொகையும். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று போய்க்கொண்டே இருந்து, நடுவில் ஏழு பெயருக்கு மட்டும் ஊர் 'தங்கவயல்'. தொகை ஆளுக்குப் பதினொன்று. தாத்தா கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்று தெரியும், யாரோடு என்று தெரியாது. 2001இல் சுரங்கமே மூடிவிட்டார்கள், இனி எங்கே தேட என்று விட்டிருந்தேன். ஏழு பெயர் கையில் கிடைத்தது. குலதெய்வம் கோயிலில் தலைக்கட்டு வரி போட்ட பட்டியல், கருமாதிப் பத்திரிகை இரண்டையும் அதே கண்ணோடு பார்க்கிறேன் இப்போது. இவற்றில் இருக்கும் உறவுமுறை எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூம்தான் வழி. பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிறு வண்டி ஏறலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் பேசினபடியே எழுதுவதை எப்படிச் சமாளிப்பார்கள் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. பட்டறையில் அப்படி ஒரே ஒருவர்தான், அவர் தமிழ் எழுத்திலேயே தெலுங்கை எழுதி வந்தார். செலவும் பார்க்க வேண்டும்: 900 ரூபாயோடு பஸ், சாப்பாடு, ஆறு ஞாயிறு. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

கடைசி வாரம் எழுதியதையெல்லாம் ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். பஞ்சத்தில் புளியங்கொட்டை வறுத்துத் தின்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தியது.

"அது நான் தின்னது இல்ல கண்ணு. எங்கம்மா சொன்னது. அவ பேரைப் போடு."

பெயரைக் கேட்டேன். சொன்னது. எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாத பெயர்.