ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடை: இளைப்புக்காரர் இருக்கிற வீட்டுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

சென்னை பூங்கா நகரில், கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கிற ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு சின்னக் கடையில்தான் எங்கள் வீட்டுக்கு மூலிகைச் சரக்கு வாங்குகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார ஐயா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. நான் எழுதுவதை வைத்து அந்தத் தெருவில் எந்தக் கடையையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். சரக்கு நல்ல சரக்கு. அதைவிட முக்கியம், எது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிற கடை இது. மூச்சுக் கோளாறு இருக்கிற ஆளுக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய குணம் அதுதான் என்பது என் எண்ணம்.

நான் பெரம்பூரில் மெஸ் நடத்துகிறேன். மிளகு, சுக்கு, சீரகம் எல்லாம் தினமும் கையில் புழங்குகிற பொருள்கள், தொட்டதும் தரம் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் பல வருஷம் பீடி பிடித்தவர். இப்போது நிறுத்திவிட்டார், ஆனால் சிஓபிடி என்கிற நுரையீரல் நோய் வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பனிக்காலத்தில் சளி கட்டிக்கொள்ளும். காலையும் இரவும் பம்பு (இன்ஹேலர்) எடுக்கிறார். மூச்சுக்குழாய் சுருங்கி, உள்ளே இருக்கிற காற்றறைகள் சிதைந்துபோவதுதான் இந்த நோய். சிதைந்தது திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கடைக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பாதிப் பொய்களிடமிருந்து தப்பிக்கலாம்.

ஒருநாள் நான் நிற்கும்போதே ஒரு தம்பி வந்து, செல்போனில் ஏதோ படத்தைக் காட்டி, "நுரையீரலைச் சுத்தம் பண்ற பொடி இருக்கா?" என்று கேட்டார். ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "சட்டி பானையா தம்பி சுத்தம் பண்ண? சளிக்குக் கஷாயச் சரக்கு தரேன். சிகரெட்டு பிடிச்சா முதல்ல அதை விடுங்க" என்றார். அந்தத் தம்பி எதுவும் வாங்காமல் போய்விட்டார். வியாபாரம் போனதில் ஐயாவுக்கு வருத்தமே இல்லை. நான் அதிமதுரம் கேட்டபோதும் எடை போடுவதற்கு முன்னால், "வீட்டுல யாருக்காவது பிரஷர் இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப அவருக்கு இது வேணாம். தொண்டை கரகரன்னு இருந்தா சித்தரத்தை வாங்கிக்கோங்க" என்று டப்பாவை மூடிவிட்டார். அதிமதுரத்தை நாள்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். பெரிய பெரிய கடைகளில்கூட இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இனி சரக்கு. முதலில் ஆடாதோடை. காய்ந்த இலையாகவும் கிடைக்கிறது, தாளிசபத்திரி, அதிமதுரம், திப்பிலி சேர்த்த கஷாயச் சரக்காகவும் கிடைக்கிறது. நான் இலையை மட்டும்தான் வாங்குவேன். நல்ல இலை காய்ந்த பிறகும் கொஞ்சம் பச்சை காட்டும். கறுத்து, பூசண வாடை வந்தால் கையைக்கூட வைக்காதீர்கள். கசப்பு தாங்க முடியாது, இருந்தாலும் சளி இளகுவதை வீட்டில் கண்ணால் பார்க்கிறேன். இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. இந்த இலையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்கிற சளி மருந்தை உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் அம்ப்ராக்சால். மெடிக்கல் ஷாப்பில் நாம் வாங்குகிற எத்தனையோ இருமல் சிரப்புகளில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். பாட்டி காய்ச்சிய கஷாயத்துக்கும் அந்த பாட்டிலுக்கும் சொந்தம் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது, கருப்பையைச் சுருக்கும் தன்மை இதற்கு இருக்கிறது. மணப்பாகாக வாங்கினால் அது முழுக்கச் சர்க்கரைப் பாகு என்பதைச் சுகர் உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

தூதுவளையும் கண்டங்கத்திரியும் அடுத்தது. இந்த இரண்டையும் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 1999-இல் வெளியானது. கொடுத்த பிறகு மூச்சின் அளவு கூடியது உண்மை. ஆனால் சால்பூட்டமால், டெரிபிலின் என்கிற ஆஸ்துமா மருந்துகள் கொடுத்த பலன் அளவுக்கு இல்லை. எங்கள் வீட்டு அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. தூதுவளை ரசம் குடித்தால் அவருக்கு நெஞ்சு லேசாகிறது, இதமாகத் தூங்குகிறார். வீசிங் வந்தால் பம்புதான். பம்பை நிறுத்திவிட்டுத் தூதுவளையை நம்பு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சொல்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. கடையில் தூதுவளைப் பொடியும் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, மணமே இல்லை. முள் குத்தினாலும் பச்சை இலைதான். கீரைக்கார அம்மாவிடம் சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருவார். முள்ளை ஆய்ந்து நெய்யில் வதக்கித் துவையலாக அரைத்தால் பிள்ளைகள்கூடத் தொட்டுக்கொள்கிறார்கள்.

சித்தரத்தை இந்தக் கடையில் அருமை. உடைத்தால் நார் தெரிய வேண்டும், காரமான வாசனை மூக்கில் ஏற வேண்டும். சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் இரவு நேர வறட்டு இருமல் மட்டுப்படுகிறது. திப்பிலி மிளகைவிட விலை அதிகம், அதனால் கொஞ்சமாக வாங்குங்கள். கண்டந்திப்பிலியும் தனியாகக் கிடைக்கும். மழைநாளில் மெஸ்ஸில் கண்டந்திப்பிலி ரசம் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற ஆட்டோக்காரர்கள் இரண்டாவது டம்ளர் கேட்கிறார்கள். மிளகைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பப்பாளி விதை கலந்திருந்தால் மேலே மிதக்கும். இந்தக் கடை மிளகு முழுக்க அடியில் தங்கியது.

சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சின சாமியில்லை என்பார்கள். அந்தத் தெருவில் நின்று சொன்னால் இரண்டுமே பக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தை ஸ்பூன் கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின் என்ற பொருள், மூச்சுக்குழாயை விரிக்கிற தியோபிலின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் அளவைக் கூட்டிவிடும். தியோபிலின் அளவு கூடினால் படபடப்பும் வாந்தியும் வரும். இளைப்புக்காரர்கள் நிறையப் பேர் இந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார்கள். ரசத்தில் போடுகிற மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

செந்தூரம், பற்பம் போன்றவற்றைச் சித்த மருத்துவர் சீட்டு இல்லாமல் ஐயா எடுத்துக் கொடுப்பதில்லை. அவற்றில் பலவும் உலோகமும் பாஷாணமும் சேர்ந்தவை, இஷ்டத்துக்குச் சாப்பிடுகிற பொருள் இல்லை. சீட்டு இல்லாதவர்களைத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ, அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ போகச் சொல்கிறார். சானடோரியம் என்ற பெயரே அங்கே 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்ததுதான். நெஞ்சு நோய்க்கென்று இருக்கிற அரசு மருத்துவமனையும் சித்த மருத்துவமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

இந்தக் கடையில் குறை இல்லாமல் இல்லை. கல்லா பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்த பொடிகள் சில இருக்கின்றன. "சளி, இருமல், ஆஸ்துமா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன சேர்ந்திருக்கிறது, யார் தயாரித்தது, உரிம எண், தயாரித்த தேதி, ஒன்றும் இல்லை. இவ்வளவு நாணயமான மனிதர் இதை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆஸ்துமாவுக்கென்று விற்கிற பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட உடனே அற்புதமாகக் கேட்டால்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, கடைப் பையன். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. ஆனால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை முகரச் சொல்லுங்கள் என்று எனக்கு யோசனை சொன்னான். சாதாரணச் சளிக்கு நம் வீடுகளில் செய்கிற பழக்கம்தான். புகையால் கெட்ட நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. மஞ்சள் புகை, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாம் எங்கள் வீட்டில் நின்றுபோய்விட்டன. ஐயா உள்ளேயிருந்து இதைக் கேட்டு அவனைத் திருத்தினார், அது வேறு விஷயம். அப்புறம், நோயாளியைக் கூட அழைத்துப் போகாதீர்கள். சரக்கு இடிக்கிற தூசியும் பக்கத்துக் கடை மிளகாய் நெடியும் சேர்ந்து, அவரை ஒருமுறை தெருவிலேயே பம்பு எடுக்க வைத்துவிட்டன.

மூலிகைக்குச் செலவழிக்கிற கவனத்தில் பாதியையாவது சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பதை நான் மெஸ்காரியாக அழுத்திச் சொல்வேன். இந்த நோயில் மூச்சு விடுவதற்கே உடம்பு நிறையச் சக்தியைச் செலவழிக்கிறது. எடை இறங்கினால் மூச்சு இழுக்கிற தசையும் சேர்ந்து மெலியும். வீட்டுக்காரர் சளிக்குப் பயந்து முட்டை, பால், தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெலிந்துகொண்டே போனார். பால் குடித்தால் சளி உற்பத்தி கூடுவதில்லை, தொண்டையில் கெட்டியாகத் தங்குகிற மாதிரி தோன்றும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன பிறகு எல்லாம் திரும்ப வந்தது. இப்போது மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துவிட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டால், மூச்சு இழுக்க உதவுகிற உதரவிதானம் என்கிற தசை இறங்க இடம் இல்லாமல் மூச்சு முட்டுகிறது. காலையில் முட்டை, நடுவில் சுண்டல், மதியம் சோற்றைக் குறைத்து மத்தி மீன் குழம்பு, மாலையில் கொள்ளு சூப், இரவு இட்லி. முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் வாரத்தில் பல நாள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, உதட்டைக் குவித்து அகல்விளக்கை மெதுவாக அசைக்கிற அளவுக்கு ஊதுகிற பயிற்சி. பம்புக்கு அடுத்து அவருக்கு அதிகம் உதவுவது இந்தப் பயிற்சிதான், இதற்குக் காசே இல்லை.

தெரிந்தவர் ஒருவர் நுரையீரலுக்கு நல்லது என்று பீட்டா கரோட்டின் மாத்திரை பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதை நான் பிரிக்கவே இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. கேரட்டிலும் கீரையிலும் இருப்பதைச் சாப்பாடாகச் சாப்பிட்டால் போதும்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கடை மூடியிருக்கும். சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரம்தான், வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். காலையில் கூட்டம் கம்மி, ஐயாவுக்குப் பேச நேரம் இருக்கும். வீட்டில் இருப்பவர் சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதை நீட்டியதும் வாங்கிப் படிக்கிற கடையில் வாங்குங்கள். காய்ந்த சரக்காக, முழுசாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள், நூறு கிராமுக்கு மேல் எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும்.