சேஃப் மோடைக் காட்டி 480 வெள்ளி வாங்கிவிட்டார்கள், சுங்கை சிப்புட் மக்களே கவனம்

நேற்று மாலையிலிருந்து வயிறு எரிகிறது. இங்கே சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 480 வெள்ளி. செய்யாத வேலைக்கு 480 வெள்ளி. சேஃப் மோட் என்பது, கோளாறு பார்ப்பதற்காக விண்டோஸ் அவசியமானதை மட்டும் ஏற்றிக்கொண்டு தொடங்கும் நிலை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கைப்பேசி உறை, சார்ஜர், பிரிண்டர் மை எல்லாம் விற்று, பின்னால் ஒரு மேசையில் லேப்டாப்பும் பழுது பார்க்கும் கடை. இப்படி நடந்தால் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பயிற்சித் தாள், தேர்ச்சி அறிக்கை எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில்தான். ஒரு நாள் இரவு விண்டோஸ் அப்டேட் ஓடியது. மறுநாள் காலையில் போட்டால் சின்னம் தெரிகிறது, சின்ன வட்டம் சுற்றுகிறது, அப்புறம் திரை இருண்டுபோய்த் தானாகவே மறுபடி தொடங்குகிறது. எத்தனை முறை போட்டாலும் அதே கதைதான்.

கடைக்காரர் என்னை வரவேற்ற விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை அங்கேதான் தொடங்கியது. "வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று விசாரித்தார். அப்பா பால்மரம் வெட்டியவர் என்றதும் முகமே மாறிவிட்டது. "எங்க தாத்தாவும் அந்தத் தோட்டந்தாங்க்கா. அப்ப நீங்க நம்ம குடும்பம் மாதிரி. உங்ககிட்ட முன்பணம்கூட வேணாம், வச்சிட்டுப் போங்க." ஈப்போவுக்குப் போகலாமா என்ற யோசனை எனக்கு இருந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு ஈப்போவை மறந்துவிட்டேன். முன்பணமே வேண்டாம் என்கிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்?

சாயங்காலமே அழைப்பு வந்தது. "லேப்டாப் உள்ள இருக்குற மெயின் போர்டு போயிடுச்சுக்கா. ஹார்ட் டிஸ்க்கும் சாகப் போற நிலைமை. நான் போர்டைச் சரி பண்ணி, உங்க ஃபைல் ஒண்ணும் போகாம எடுத்துத் தரேன். மத்தவங்களுக்கு 600, உங்களுக்கு 480." பிள்ளைகளின் அறிக்கைகள் போய்விடக் கூடாதே என்று சரி சொன்னேன். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி. 480 என்பது என் வீட்டில் ஒரு மாதத்து மளிகை, மின்சாரம் இரண்டும் சேர்ந்த தொகை.

எடுக்கப் போனபோது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் திரை பழையபடி இல்லை. பின்னணி முழுக்கக் கறுப்பு, எழுத்தும் சின்னங்களும் பெரிது பெரிதாக, நான்கு மூலையிலும் சேஃப் மோட் என்ற எழுத்து. இது என்ன தம்பி என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, போர்டு இப்பத்தான் தேறியிருக்கு, அதனால மெதுவா ஓடுது" என்றார். வைஃபை வரவில்லை, சத்தமும் வரவில்லை. அதற்கும் பதில் தயாராக இருந்தது. வைஃபை கார்டு எரிந்துவிட்டதாம், சவுண்டும் போய்விட்டதாம், கிராஃபிக் சிப் பலவீனமாம், இன்னொரு 350 வெள்ளி ஆகுமாம். "விண்டோஸ் 10-க்கு ஆயுசு முடிஞ்சிருச்சுல்ல, அதான் ஒவ்வொண்ணா போகுது" என்று வேறு சொன்னார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட். அதனால் யாருடைய வைஃபை கார்டும் எரியாது!

480 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் 'ரிப்பேர் 480' என்று மட்டும் எழுதினார்.

பினாங்கில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மாமா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். திரையைப் பார்த்த உடனே, "மச்சி, இதுல எதுவும் எரியல" என்றான். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வந்த சின்னக் கட்டத்தில் எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினான். பூட் என்ற பக்கத்தில் சேஃப் பூட் என்ற இடத்தில் ஒரு டிக். அந்த டிக் இருக்கிறவரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் லேப்டாப் சேஃப் மோடில்தான் எழும். அது தானாக விழுகிற டிக் இல்லை, ஒருவர் கைவைத்துப் போட்டது. எடுத்துவிட்டுத் தொடங்கினான். வைஃபை, சத்தம் எதுவும் பார்ப்பதற்குள் அதே பழைய இருட்டுத் திரை. கடைக்காரர் என் கோளாறைத் தொடவே இல்லை!

மறுபடி சேஃப் மோடுக்குப் போய், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் திரைக்கான டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளை, அப்டேட்டுக்கு முந்தைய பதிப்புக்குத் திருப்பினான். அவ்வளவுதான். லேப்டாப் பழையபடி வந்துவிட்டது. எரிந்துபோன வைஃபை பிடித்தது, போய்விட்ட சவுண்ட் பாடியது. அப்புறம் அடி மூடியைக் கழற்றிக் காட்டினான். விசிறியில் பழைய தூசி அப்படியே அடைந்திருந்தது. போர்டில் ஒரு புதுப் பற்றவைப்பு இல்லை.

சேஃப் மோட் என்றால் என்ன என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விண்டோஸ் எழுந்து நிற்க அவசியமான டிரைவர்களையும் சேவைகளையும் மட்டும் ஏற்றிக்கொண்டு தொடங்கும் நிலை. திரைக்கு அடிப்படை டிரைவர் மட்டும், அதனால்தான் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. சத்தம் கிடையாது, சாதாரண சேஃப் மோடில் வைஃபையும் கிடையாது, தானாகத் தொடங்கும் மற்ற நிரல்களும் ஓடாது. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருக்கிறதாம். சாதாரணமாக எழாத கணினி இதில் நன்றாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் டிரைவரிலோ புதிதாக ஏற்றிய நிரலிலோ இருக்கும். கிராஃபிக் சிப் கோளாறு சில நேரம் இதில் வெளியே தெரியாமல் இருக்கலாம், அது உண்மை. ஆனால் போர்டு செத்த கணினி டெஸ்க்டாப் வரை வராது. சேஃப் மோடில் வந்த அந்தக் கறுப்புப் பின்னணித் திரைதான் என் போர்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அதையே என் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, போர்டு போய்விட்டது என்று சொல்லி 480 வெள்ளி வாங்கினார். தெரியாமல் செய்யவில்லை. தெரியாதவருக்கு அந்த டிக்கைப் போடத் தெரியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கடைப் பையன் "அண்ணன் ஈப்போ போயிருக்காரு" என்கிறான். அண்ணனின் காரோ எதிரே நிற்கிறது. ஒருவழியாக ஆளைப் பிடித்தபோது, "நான் போர்டைச் சரி பண்ணலன்னா சேஃப் மோடே வந்திருக்காது" என்று சாதித்தார். தூசியின் படத்தைக் காட்டினேன். "ரசீதுல போர்டுன்னு நான் எழுதலையே" என்று பேச்சை மாற்றினார். ஆக, அப்படி எழுதாமல் விட்டதும் திட்டம்தான். குரலை உயர்த்தியதும், "நம்ம ஆளுங்களே நம்ம கடையக் கெடுக்கலாமாக்கா? அடுத்த ரிப்பேருக்கு 50 வெள்ளி குறைச்சுக்கிறேன்" என்றார். நம்ம ஆள் என்ற வார்த்தையைச் சொல்லித்தானே 480 வெள்ளியை வாங்கினீர்கள்?

விளக்கமாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் நீங்களே சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். உள்ளே போக முடிந்தால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். முடியாவிட்டால், தொடங்கும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இரண்டு மூன்று முறை செய்தால் பழுது நீக்கும் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாக அழுத்துங்கள், பிறகு 4 என்ற விசை. இணையம் வேண்டுமென்றால் 5. பழைய எஃப்8 விசையை நம்ப வேண்டாம், விண்டோஸ் 10-லும் 11-லும் அது வழக்கமாக வேலை செய்யாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரை மூலையில் சேஃப் மோட் என்று தெரிந்தால் காசு கொடுக்காதீர்கள், சாதாரணமாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் எந்தப் பாகம் என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், தூசிப் படம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை என் 480 வெள்ளிக்கு மனு போடுகிறேன். இந்த வட்டாரத்தில் 'ரிப்பேர்' என்று மட்டும் எழுதிய ரசீது வேறு யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.