வண்டு விழாமல் துவரையையும் அவரையையும் சேமிக்க எது தோது: செம்மண்ணா, எண்ணெயா, மாத்திரையா, காற்றுப்புகாப் பையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் இடையிடையே அவரையும் துவரையும் சால் விட்டு விதைப்பது பழைய வழக்கம். ஒரே மண், ஒரே மழை. வீட்டுக்கு வந்தபின் கதை வேறாகிவிடுகிறது. கேழ்வரகைக் காயவைத்துத் தூற்றி மூட்டை கட்டிப் போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். மணி அவ்வளவு பொடி, ஒரு புழு உள்ளே குடியிருந்து வளர இடமில்லை. மாவாக அரைத்து வைத்தால்தான் சிவப்பு மாவு வண்டு வரும். அதற்கு அவ்வப்போது அளவாக அரைத்துக்கொள்வதே போதும். கேழ்வரகு மூட்டைக்கு மருந்து போடச் சொல்லி யாராவது செலவு வைத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணமும் கவலையும் துவரை, அவரை போன்ற பயறுக்குத்தான் தேவை.

பயறைத் துளைக்கும் பயறு வண்டு, நாம் சேமிக்கும் அறையில் முளைப்பதில்லை. பல நேரம் கொல்லையில் முற்றிய காயிலேயே முட்டை வைத்து, நம்மோடு வீட்டுக்கு வருகிறது. ஒரு கைப்பிடி துவரையை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தோலின்மேல் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அதிலிருந்து பொரியும் புழு வெளியே தலைகாட்டாது. முட்டையின் அடிவழியாகவே மணிக்குள் துளைத்துப் போய்விடும். உள்ளே தின்று வளர்ந்து, வண்டான பிறகு தோலில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வெளியே வந்த வண்டு தானியத்தைத் தின்பதே இல்லை, முட்டை வைப்பதுதான் அதன் வேலை. ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை வைக்கும். அதனால் முறத்தில் புடைத்து வண்டை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. எந்த முறையானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மணிக்குள் இருக்கும் புழுவை அது தொடுமா?

செம்மண் தொடாது. நம் பக்கத்துக்கு இதைவிட மலிவான சரக்கு கிடையாது என்பது உண்மை. செம்மண்ணைச் சலித்து, தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, துவரையில் பிசறி, வெயிலில் நன்றாக உலர்த்தி வைப்பார்கள். மண் பூச்சு முட்டை ஒட்ட இடம் தராது. மண்தூசு வண்டின் மேல்தோலை உராய்ந்து, அதன் உடம்பின் ஈரத்தை வற்றவைக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ளே போன புழுவை மண் பூசி அடைத்து வைப்பதில் என்ன லாபம்? முதலில் வெயில் வேண்டும். கறுப்புத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மூடி, ஓரத்தில் கல் வைத்து உச்சி வெயிலில் விட்டால் உள்ளே சூடு 60 டிகிரியைத் தொடும். அதில் புழுவும் தப்பாது. இந்த வேலையைச் செய்துவிட்டு மண் கட்டினால் விதைத் துவரைக்கு என் ஓட்டு செம்மண்ணுக்குத்தான். சமையலுக்கு என்றால் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிடும்.

எண்ணெய் கொஞ்சம் வேறு மாதிரி. கிலோவுக்கு 10 மில்லி கடலெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டுப் பிசறினால் முட்டைக்குக் காற்று போகாமல் பொரியாது. ஐந்து, பத்து கிலோவுக்குச் சரி, ஒரு குவிண்டாலுக்குக் கை வலிக்கும். நாளானால் சிக்கு வாடையும் வரும். சாம்பல், வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் தெரிந்ததே. சாம்பல் நிறையப் போட்டால் வேலை செய்யும். நாலு வேப்பிலையை மூட்டையின் மேலே வைப்பது மனத்திருப்திக்கு.

மாத்திரை, அதாவது அலுமினியம் பாஸ்பைடு, மணிக்குள் இருப்பதையும் கொல்லும். 3 கிராம் மாத்திரையில் 1 கிராம் பாஸ்பீன் வாயு வெளிவரும். சும்மா சாக்கில் செருகினால் ஆகாது. காற்றுப் போகாமல் மூடி நாள்கணக்கில் விட வேண்டும். அரைகுறையாகப் போட்டுப் போட்டே அதைத் தாங்கும் பூச்சிகள் கிடங்குகளில் உருவாகிவிட்டன. அதைவிட முக்கியம், அந்த வாயுவுக்கு முறிமருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் போட வேண்டிய சரக்கு அது. ஆள் படுக்கும் வீட்டில் வைத்தால் வண்டுக்கு முன்னால் நாம் போவோம்.

காற்றுப்புகாப் பை புதுச்சரக்கு மாதிரித் தெரிந்தாலும், நிலத்தடிக் குழியில் கேழ்வரகு கொட்டி மூடிய அதே சூட்சுமம்தான். உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்து, அடங்கிப்போகும். விஷம் கிடையாது. சாதாரணச் சாக்கைவிட விலை அதிகம், ஆனால் ஓட்டை விழாத வரை மறுபடியும் பயன்படும். நிபந்தனை மூன்று: பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், காற்றைப் பிழிந்து இறுகக் கட்ட வேண்டும், எலி அண்டக்கூடாது. நம் வீடுகளில் மூன்றாவதுதான் சிக்கல். இன்னொன்று, வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து ஆழாக்கு அள்ளினால் பை வெறும் பைதான்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றால், ஆடி வரை தொடப்போகாத பங்கைப் பையில் கட்டிவிடுவேன். மாதச் செலவுக்கு வேண்டிய துவரையைப் பருப்பாக உடைத்து டப்பாவில் வைப்பேன், ஏனென்றால் பயறு வண்டு முழு மணியைத்தான் தேடும். கொள்ளுப் பயறையும் அவரையையும் முழுசாகவே வைக்க வேண்டியிருந்தால், கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி ஒன்றை டிரம்முக்குள் செருகி வைக்கலாம். காற்றுத் தேடி வரும் வண்டு துளைவழியே அடிக்கிண்ணத்தில் விழும். பூச்சியை அது ஒழிக்காது. கிண்ணத்தில் ஒரு வண்டு கிடந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வெயிலுக்குத் தூக்க வேண்டும். பொறி எங்கே கிடைக்கும் என்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.