காரின் முன் ஸ்பிரிங் மாற்றி 30,000 கி.மீ.: வீட்டிலேயே செய்த வேலை எப்படி நிற்கிறது

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றால் அது மெத்தென்று ஆகிவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். கம்பியின் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், குறைவது உயரம். உயரம் குறைந்ததும் ஷாக்குக்கும் (ஷாக் அப்சார்பர்), அது அடிவரை அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'தட்' என்று இடிப்பது அதனால்தான். ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு இடி நிற்கவில்லையே என்று வருந்துபவர்கள் முதலில் டேப்பை எடுத்து அளக்க வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை செங்குத்தாக அளக்கவும். ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய இந்தச் சிறிய பெட்ரோல் காரில் முன்பக்கம் இடது 362, வலது 371 மி.மீ. இருந்தது. மாற்றிய மறுநாள் 384, 385. ஆயிரம் கி.மீ. ஓடி அமர்ந்தபின் இரண்டும் 380. இப்போது 30,000 கி.மீ. கழித்து 378, 379.

ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் எடை வேறு, ஸ்பிரிங்கும் வேறு. கம்பியில் இருக்கும் பெயின்ட் கோடுகளின் நிறத்தையும் பார்ட் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஸ்பிரிங்கின் மேலிருந்து பாடியில் பூட்டும் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், புது லாக் நட்டுகள். பிரித்த பிறகு பழைய பேரிங்கையே திரும்பப் போடுவது வீண் சிக்கனம். அது இறுகியிருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் முறுகி, பிறகு 'டொய்ங்' என்று விடுபடும். அந்தச் சத்தத்துக்காக மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

மேலே மூன்று நட்டுகளால் பாடியில் பூட்டியிருக்கும் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) என்றால் வேலை இப்படி: காரை ஸ்டாண்டில் நிறுத்தி சக்கரத்தைக் கழற்றவும். ஜாக்கியை நம்பி மட்டும் எதையும் தொடக்கூடாது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் கிளிப்புகளை விடுவித்து, லிங்க் ராடைக் கழற்றவும். கடலோர ஊர்களில் அதன் நட்டு துருவேறி, முனையிலுள்ள பந்து மூட்டோடு சேர்ந்தே சுற்றும். கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும், எனவே புதியது கையில் இருக்கட்டும். சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளில் உள்ள இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தும் முன் அவற்றின் இடத்தைப் பெயின்ட்டால் குறியுங்கள். போல்ட் கழன்றதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் உள்ளே விலகிவிடும், பிரேக் ஹோஸிலும் இழுவை விழும்.

மேலே உள்ள மூன்று நட்டுகளையும் கழற்றி ஸ்ட்ரட்டை வெளியே எடுத்தபின் வருவதுதான் ஆபத்தான இடம். ஸ்பிரிங்கை அமுக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடவே கூடாது. அது கழன்றால் மவுண்ட் குண்டு போலத் தெறிக்கும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியான கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் நேர் எதிரெதிரே மாட்டி, மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கையாலேயே இறுக்கவும். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங்கின் முனைகள் முகத்தையோ வயிற்றையோ பார்க்கக்கூடாது. எவ்வளவு அமுக்குவது? ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகினால் அது உட்காரும் கிண்ணத்தில் லேசாகச் சுழலும் அளவு போதும். அதன்பின் ஷாக் ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றலாம்.

பழைய ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றைத் துடைத்துப் பாருங்கள். மண்ணும் தண்ணீரும் தேங்கும் அந்த இடத்தில்தான் பெயின்ட் உரிந்து, துரு குழி பறித்து, விரிசல் தொடங்கும். 12 மி.மீ. கம்பி சுற்றிலும் தேய்ந்து 11.5 ஆனால்கூட அந்தச் சுற்றின் விறைப்பு சுமார் 16 சதவீதம் குறையும், ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

புதியதை ஏற்றும்போது கம்பியின் முனை கீழ்க்கிண்ணத்திலுள்ள படியில் ஒட்டி நிற்க வேண்டும். தள்ளி நின்றால், ஒரு நாள் பள்ளத்தில் 'டக்' என்று தானாகப் போய் உட்காரும். அதோடு சக்கரங்கள் நிற்கும் கோணமான அலைன்மென்ட்டும் மாறலாம். எல்லா நட்டையும் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்கவும். குறித்த கோட்டிலேயே போல்ட் பூட்டினாலும் சக்கர அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். தவறினால் டயரின் ஓரம் மட்டும் தேய்ந்துபோகும். முதல் முறை செய்பவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முழு நாள் ஆகும்.

பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) என்றால் வேலை சுலபம்: ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை ஜாக்கியால் மெல்ல இறக்கினாலே ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். ரப்பர் புஷ் உள்ள அந்தப் போல்ட்டை, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

உயரத்துக்காகச் சுற்றுகளின் நடுவே ரப்பர் பஃபர் செருகுவதை அறவே தவிர்க்கவும். அது சில சுற்றுகளை முடக்கி, அவை செய்ய வேண்டிய அசைவையும் மற்ற சுற்றுகளின் மேல் ஏற்றுகிறது. இந்தக் காரில் பழைய ஸ்பிரிங்கில் பஃபர் உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் முழுக்கத் தேய்ந்து, ஈரம் பிடித்து, பழுப்புப் பொடியாகத் துரு உதிர்ந்தது.

500 கி.மீ.யில் ஒரு முறை நட்டுகளைச் சரிபார்த்தாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பின் கீழ்க்கிண்ணத்து மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோம். பெயின்ட் இன்னும் உரியவில்லை.