வாக்குத்தத்த காலண்டர்: பாதி வசனம்தான் கிடைக்கிறது

டிசம்பர் 31 இரவு சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் மேசை போட்டு விற்பார்களே, நாளுக்கொரு தாளில் கடவுளின் வாக்குறுதியாக ஒரு பைபிள் வசனம் போட்ட அந்தத் தினசரி வாக்குத்தத்த காலண்டர்தான். விலை 120 ரூபாய். எழுத்து பெரிது, அம்மா கண்ணாடி போடாமலே படிக்கிறார். தாள்தான் மெல்லிசு, பின்பக்கத்துத் தியானக் குறிப்பு முன்பக்கம் தெரிகிறது.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம், வசனங்களை வெட்டியிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏசாயா 1:19 என்று போட்டு, "தேசத்தின் நன்மையைப் புசிப்பீர்கள்", அவ்வளவுதான். முன்னால் இருக்கிற "நீங்கள் மனம்பொருந்திச் செவிகொடுத்தால்" எங்கே போனது? உபாகமம் 28-லும் இதே கத்தரி. கர்த்தர் உன்னைத் தலையாக்குவார், அதாவது முதலிடத்தில் வைப்பார் என்பது இருக்கிறது, கட்டளைகளைக் கைக்கொண்டால் என்பது இல்லை. இடம் போதவில்லை என்று சொல்லவும் முடியாது, பாதித் தாளுக்கு ரோஜாப்பூ படம்!

நிபந்தனையைப் போட்டால் காலையிலேயே மிரட்டுவது மாதிரி இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. பயந்து நடுங்கிக் கீழ்ப்படி என்றா அந்த வசனம் சொல்கிறது? மனம்பொருந்தி என்கிறது. யோவான் 14:15-ல் இயேசுவும் "என்னிடத்தில் அன்பாயிருந்தால்" என்றுதான் ஆரம்பிக்கிறார், அப்புறம்தான் கற்பனைகள், அதாவது கட்டளைகள், வருகின்றன. அந்தப் பாதியை எடுத்துவிட்டால் கர்த்தர் தினம் ஒரு கூப்பன் கொடுக்கிற கடைக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் யோனா 4-ஐப் பற்றி ஒரு தாள் வருகிறது, இந்த வருடக் காலண்டரிலேயே அதுதான் உருப்படி. முதல் முறை ஓடிப்போன தீர்க்கதரிசி யோனா, கர்த்தர் இரண்டாம் முறை கூப்பிட்டதும் நினிவே நகரத்துக்குப் போனான், சொல்லச் சொன்னதைச் சொன்னான், ஊரே மனந்திரும்பியது. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் கர்த்தர் ஊரை அழிக்காமல் விட்டுவிட்டாரே என்று ஆள் ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஆமணக்குச் செடி காய்ந்துபோனதற்குச் சாகவேண்டும் என்கிறான். பாட்டுப் பயிற்சிக்கு முணுமுணுத்துக்கொண்டே வருகிற, காணிக்கைப் பை கிட்டே வந்ததும் சில்லறை தேடுகிற நம் எல்லாருக்கும் அது நன்றாகவே உறைக்கும். அதே தாளில் 1 யோவான் 5:3-ஐ, "அவருடைய கற்பனைகள் பாரமானவைகளுமல்ல" என்ற கடைசிப் பகுதியோடு, முழுசாகப் போட்டிருக்கிறார்கள். ஆக, மனம் வைத்தால் இடம் இருக்கிறது.

வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வாங்கலாம், பக்கத்தில் பைபிளையும் வைத்து முழு வசனத்தையும் படித்துக்காட்ட ஆள் இருந்தால். பரிசாகக் கொடுக்க நான் இதை வாங்கமாட்டேன். வாங்கும்போது நடு மாதங்களைப் புரட்டிப் பாருங்கள், எங்களுடையதில் ஜூன் 11-ம் 12-ம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கின்றன.