ஆபரேஷன் முடிந்து 26-வது நாள் விமானப் பயணம்: வீல்சேர் சேவை எனக்கு எப்படி இருந்தது

கர்ப்பப்பையை எடுத்து 26-வது நாள் ஐந்து மணி நேரம் விமானத்தில் போக வேண்டி வந்தது. வயிற்றைக் குறுக்கே திறந்து செய்த ஆபரேஷன். டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "போகலாம், ஆனால் எதையும் தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது" என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை நம்பித்தான் விமான நிறுவனத்தின் வீல்சேர் சேவையை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டு வாங்கினேன்.

நன்றாக நடக்கிறவள் வீல்சேரில் உட்காரலாமா என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நடப்பதை வைத்து நாம் கணக்குப் போடுகிறோம், அதுதான் தப்பு. வீட்டில் பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவோம். விமான நிலையத்தில் நடையை விட நிற்பதுதான் கொடுமை. செக்-இன் வரிசை, பாதுகாப்புச் சோதனை வரிசை, அப்புறம் விமானம் ஏறும் கேட்டில் ஒரு வரிசை. இருபது நிமிடம் அசையாமல் நின்றால் அடிவயிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். ஆபரேஷன் ஆகி ஒன்றிரண்டு மாதத்துக்குள் பயணம் போகிற யாராக இருந்தாலும், நடக்க முடிந்தாலும், இந்தச் சேவையைக் கேளுங்கள் என்பேன்.

கேட்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீல்சேர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. டபிள்யூசிஹெச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்று அர்த்தம். டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூசிஹெச்சி என்றால் விமானத்துக்குள் சீட் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். பலரும் விவரம் தெரியாமல் முதல் வகையைப் போட்டுவிடுகிறார்கள், பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் ஏணிப்படி முன்னால் இறக்கிவிடும்போதுதான் விஷயம் புரிகிறது. நான் இரண்டாவது வகையைக் கேட்டேன். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்கிறார்கள். இணையதளத்தில் தேர்வு செய்ததோடு விட்டிருந்தால் ஏமாந்திருப்பேன். முந்தின நாள் போன் செய்து கேட்டபோது டிக்கெட்டில் அது ஏறவே இல்லை என்றார்கள், அப்புறம் அவர்களே சேர்த்தார்கள்.

கிளம்பிய இடத்தில் சேவை அருமை. வண்டி தள்ள வந்த தம்பி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தையல் எங்கே இருக்கு அக்கா?" என்று கேட்டார். ஏரோபிரிட்ஜில், அதாவது கேட்டிலிருந்து விமானத்தின் கதவு வரை போகும் மூடிய நடைபாதையில், இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் தரையில் ஒரு உலோகப் பட்டை மேடாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக நடக்கும்போது காலில் கூடப் படாது, தையலோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது ஒரு வேகத்தடை. அவர் அங்கே வந்ததும் நிறுத்தி, வண்டியை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, முன்சக்கரங்களைத் தூக்கி மெதுவாக அந்தப் பக்கம் வைத்தார். சரிவு வந்தபோது வண்டியைத் திருப்பி, நான் பின்பக்கமாக இறங்கும்படி பிடித்துக்கொண்டார். ஒரு குலுக்கல் கூட இல்லை. பாதுகாப்புச் சோதனையில் வயிற்றில் காயம் இருக்கிறது என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், தனி அறையில் கையை மேலோட்டமாக வைத்துப் பார்த்தார்கள், பிரச்சினை இல்லை.

குறை என்று பார்த்தால் கேட்டில் காத்திருந்த நேரம். அந்த வண்டிகளுக்குச் சின்னச் சக்கரம், உட்கார்ந்திருப்பவர் கையால் உருட்ட வழியே கிடையாது, யாராவது தள்ளினால்தான் நகரும். என்னைச் சுவர் ஓரமாக விட்டுவிட்டு அடுத்த பயணியைக் கூட்டிவரப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டேன், பக்கத்தில் இருந்த, காலை ஊன்றவே முடியாத ஒரு பாட்டி என்ன செய்வார்? நான்தான் போய் ஆளைக் கூப்பிட்டேன். விட்டுவிட்டுப் போகும் முன் "கழிப்பறை போகணுமா" என்று ஒரு வார்த்தை கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். உங்களை விட்டுவிட்டுப் போகும்போது, எத்தனை மணிக்குத் திரும்ப வருவீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் என்னைக் காப்பாற்றியவை மூன்று சாமான்கள். முதலாவது இறுக்கமான காலுறை. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம், நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வருவது அதை இன்னும் கூட்டும், அதனால் டாக்டரே போடச் சொன்னார். எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது, காலில் ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. கணுக்காலையும் ஆடுசதையையும் காலையில் எழுந்த உடனே, வீக்கம் ஏறுவதற்கு முன் அளந்து வாங்க வேண்டும். என்னுடையது முழங்கால் வரை வருவது, கணுக்காலில் 15 முதல் 20 மி.மீ. பாதரச அழுத்தம். வயிற்றில் தையலோடு குனிந்து அதை மாட்ட முடியாது, என் மகள்தான் குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, அப்புறம் மேலே உருட்டிவிட்டாள். இறங்கியபோது கால் துளியும் வீங்கவில்லை.

அடுத்தது ஒரு சின்னத் தலையணை. சீட் பெல்ட் தொப்புளுக்கு மேலே ஏறாமல் இடுப்பெலும்புக்குக் கீழே, தொடையோடு ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். என் தையல் அதே உயரத்தில்தான் இருந்தது, பக்கிள் சரியாக அதன் மேலேயே உட்கார்ந்தது. பெல்ட்டை இழுத்து பக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளி, மூன்றாவது சாமானான மெல்லிய துண்டை மடித்து நடுவில் வைத்ததும் உறுத்தல் போய்விட்டது. தலையணை இருமலுக்கு. இருமல் வந்தால் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை.

உயரத்தில் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலை மேல் இருப்பது போலத்தான். வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்குக்கு மேல் விரியும். அதனால் முந்தின நாளிலிருந்தே சோடா வகைகளைத் தொடவில்லை, அப்படியும் வயிறு உப்பியது, தளர்ந்த உடை போட்டிருந்ததால் தப்பித்தேன். கண்ணில் விழித்திரை ஆபரேஷன் செய்து உள்ளே வாயு வைத்திருப்பவர்கள் அது முழுக்கக் கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது, பார்வையே போய்விடலாம். இதை எங்கே பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சீட் விஷயத்தில் முதல் வரிசை என்று ஆசைப்படாதீர்கள். அங்கே கைப்பிடி பெரும்பாலும் மேலே தூக்க வராது, சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள்ளிருந்து வயிற்றின் மேலாகத் திரும்பி வரும், காலடியில் பையும் வைக்க முடியாது. நான் நடைபாதை ஓரம் கேட்டு வாங்கினேன். நடைபாதைப் பக்கக் கைப்பிடியின் அடியில், கீல் இருக்கும் இடத்தில், நிறைய விமானங்களில் ஒரு சின்னப் பொத்தான் ஒளிந்திருக்கும். பணிப்பெண் அதை அழுத்திக் கைப்பிடியைத் தூக்கிக் காட்டினார். வயிற்றை மடக்கி எழாமல் பக்கவாட்டில் காலைத் தொங்கவிட்டு எழுந்திருக்க முடிந்தது, ஒரு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க இது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் தெரிந்தது.

இறங்கிய இடத்தில் சேவை மோசம். எல்லோரும் போன பிறகு 40 நிமிடம் காத்திருந்தேன். வந்த வண்டியில் ஒரு பக்கம் கால் வைக்கும் பலகை இல்லை, ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன், காலைத் தூக்கிப் பிடித்தால் அடிவயிற்றுத் தசையும் இறுகும் என்பது அன்று நன்றாகவே தெரிந்தது. கிளம்பிய இடத்துக்கு 5-க்கு 4.5, இறங்கிய இடத்துக்கு 2. அடுத்த மாதம் திரும்பும்போதும் இதே சேவையைத்தான் கேட்கப் போகிறேன். ஆனால் வண்டியில் உட்காரும் முன் கால் பலகை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன், விமானம் இறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே பணிப்பெண்ணிடம் சொல்லி, வண்டி வாசலுக்கு வருகிறதா என்று கேட்கச் சொல்வேன்.