ரூட்ஸா, சென்ட்ரிஃபியூகலா: பழுதான அன்று எது வீடு சேர்க்கும்?

கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் ஓட்டி, எஞ்சின் தானாக இழுப்பதைவிட அதிகக் காற்றை உள்ளே திணிப்பதுதான் சூப்பர்சார்ஜர். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). அதன் மேல் 7 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், ஏறினால் கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று. சூடேறுவதில் ஒரு பங்கு கழிந்துவிடும். இங்கே ஒப்பிடுவது சூப்பர்சார்ஜரின் இரண்டு வகைகளை: ரூட்ஸ், சென்ட்ரிஃபியூகல்.

ரூட்ஸில் இரண்டு ரோட்டார்கள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று காற்றை அள்ளித் தள்ளுகின்றன. உள்ளே அழுத்துவதில்லை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில்தான் அழுத்தம் ஏறுகிறது, அதனால் சூடும் கூடுதல். சென்ட்ரிஃபியூகலில் டர்போவின் குளிர்ந்த பக்கம் போலவே ஒரு இம்பெல்லர், அதாவது காற்றை வெளிப்புறமாக வீசும் இறக்கைச் சக்கரம். கியர் அதை 40,000 ஆர்பிஎம்முக்கும் மேல் சுழற்றும். இதன் பூஸ்ட் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: 6,500 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ என்றால் 3,250இல் சுமார் 2 மட்டுமே. சிக்னலில் கிளம்பும் சுகத்தில் ரூட்ஸுக்கு ஈடில்லை, அதில் வாதமே வேண்டாம்.

ஆனாலும் என் ஓட்டு சென்ட்ரிஃபியூகலுக்குத்தான். காரணம் ஒன்றே: பழுதான அன்று அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு ஓட்டலாம்.

ரூட்ஸ் பெரும்பாலும் எஞ்சினின் தலைமேல், மேனிஃபோல்டாகவே உட்கார்ந்திருக்கும். பேரிங் தேய்ந்து ரோட்டார்கள் உரசினால் அலுமினியத் துகளுக்கும் வால்வுக்கும் நடுவே பெரிய தடுப்பு எதுவும் கிடையாது. கரகரவென்று உலோகம் உரசும் சத்தம் கேட்டால் 'அடுத்த ஊர் வரை போகலாம்' என்று நினைக்கக் கூடாது, அங்கேயே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஐடிலில் மட்டும் கோலிக்குண்டு உருளுவதுபோல் கேட்டு, ஆர்பிஎம் ஏறியதும் அடங்கினால் அநேகமாக புல்லியையும் ரோட்டார்களையும் இணைக்கும் முன்பக்கத்து பிளாஸ்டிக் கப்ளர்தான் தேய்ந்திருக்கும். அது சின்ன வேலை.

இன்னொரு சிக்கல், சூப்பர்சார்ஜரையும் மற்ற பாகங்களையும் சேர்த்து ஓட்டும் பொது பெல்ட். சூப்பர்சார்ஜர் இறுகினால் பெல்ட் வழுக்கிக் கருகி அறும், கூடவே ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் நிற்கும். 2002–2006 மினி கூப்பர் எஸ்ஸில் வாட்டர் பம்ப்பையே சூப்பர்சார்ஜரின் பின்பக்க கியர்தான் ஓட்டுகிறது. அந்த கியர் தேய்ந்து போனால் எஞ்சின் கொதிக்கும், அப்புறம் இழுவை வண்டிதான்.

ரூட்ஸுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். தனி பெல்ட் இருந்து அது மட்டும் அறுந்தால் கவலையில்லை: மேனிஃபோல்ட் வெற்றிடத்தில், ரோட்டார்களைச் சுற்றிக் காற்றை விடும் பைபாஸ் வால்வ் திறந்துகொள்ளும், எஞ்சின் அதன் வழியே மூச்சு விடும். கம்ப்ரஷன் குறைத்துக் கட்டிய எஞ்சின் என்பதால் வண்டி மந்தமாக இருக்கும், அவ்வளவே. மின்காந்த கிளட்ச் உள்ள மாடலில், புல்லி பேரிங் நன்றாக இருந்தால், கிளட்ச் கனெக்டரைக் கழற்றினாலே புல்லி வெறுமனே சுற்றும்.

சென்ட்ரிஃபியூகல் எஞ்சினின் பக்கவாட்டில் பிராக்கெட்டில் தொங்குகிறது. அழுத்தத்தில் சூடான காற்றை எஞ்சினுக்குப் போகும்முன் ஆற்றும் இன்டர்கூலர் வைத்த கிட்டில் துகள்களில் பெரும்பகுதி அங்கேயே தங்கும். பெல்ட்டை எடுத்துவிட்டு புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் குறை வெளியே, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரிலோ பெல்ட்டிலோ இருக்கும். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்கல். சென்ட்ரிஃபியூகலில் இது சகஜம். இறுகியோ உரசியோ இருந்தால் சூப்பர்சார்ஜரையும் இன்டர்கூலரையும் விட்டுவிட்டு, எஞ்சினுக்குள் காற்று நுழையும் த்ராட்டில் வாயில் நேரடியாக ஒரு குழாயும் ஃபில்டரும் மாட்டினால் போதும். காற்றளவு சென்சார் அந்தக் குழாயில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எரிபொருள் கணக்கு தப்பும். எஞ்சின் ஆயிலில் ஓடும் மாடலைக் கழற்றினால் ஆயில் வரும் குழாயையும், சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) திரும்பும் வழியையும் அடைக்க வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே தனி ஆயில் உள்ள மாடலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பொது பெல்ட் என்றால், எந்த வகையானாலும், சூப்பர்சார்ஜரை விட்டுச் சுற்றும் குட்டை பெல்ட்டின் அளவை முன்பே பார்த்து டிக்கியில் ஒன்று போட்டுவையுங்கள். வாட்டர் பம்ப் பழைய திசையிலேயே சுற்றுகிறதா என்று பார்த்தபின் ஓட்டலாம். மிதமான ஆர்பிஎம், முழு த்ராட்டில் வேண்டாம், கண் வெப்பமானியில்.

புது யூனிட் மாட்டும்முன் இன்டர்கூலரை மாற்றிவிடுவது நல்லது. உள் துடுப்புகளில் சிக்கிய துகள் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது, பூஸ்ட் ஏறும்போது பெயர்ந்து நேரே எஞ்சினுக்குள் போகும்.